மலை தெரியாமைச் சான்று

தசரதனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம், அவர் வீட்டு மொட்டை மாடியில். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் வீட்டுக்காரரான அவர். மூன்றடி தள்ளி இன்னொன்றில் மாடிக் குடித்தனக்காரர் குர்ஷித் பேகம். இருவரும் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் படிக்கட்டின் மேல்படியில், மடியில் பதிவேட்டோடு.

"பேகம்மா, இன்னைக்கு உச்சியில மேகம் இருக்குதா?" என்று தசரதன் கேட்டார்.

"இருக்குங்க. ஆனா கம்மி."

"இருசப்பா, மேகம் கம்மின்னு எழுதிக்கோ."

எழுதினேன். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். போட்டார். "நாளைக்குத் தெளிஞ்சிடும்" என்றார்.

மறுநாள் விடிகாலை தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். எழுத்துமூலம் கொடுத்ததால் தசரதனும் அதை ஒப்புக்கொண்டிருப்பார்.

அவர் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு ஆண்டு வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர். வீட்டையும் அலுவலகமாகவே நடத்திவந்தார். குழாயடியில் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு "தண்ணி ஒழுகுது சார்" என்றால் காதில் விழாது. அதையே ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தால், அதே குழாயடியில் கால் நனைய நின்றபடி படித்துவிட்டு, "அப்படியா? எப்பலேர்ந்து?" என்பார். ஆனால் கெட்டவர் இல்லை. யாருக்கும் எதையும் முடியாது என்று சொன்னதில்லை. விதியில் இடமில்லை என்றுதான் சொல்வார்.

நான் அவர் வீட்டுப் பின்கட்டில் குடியிருக்கிறேன். தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தேன். படிப்பு எட்டாவதோடு சரி. அரசாங்கத் தமிழை நகல் எடுத்து எடுத்தே கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் வாடகை முறையைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். முன்பெல்லாம் வீடு பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் வருமா, கொசு உண்டா என்று கேட்பார்கள். பிறகு ஆசிரமத்துப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்க ஆரம்பித்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மாடிக்கு ஒரு ஜெர்மன்காரர் வந்தார். ஃபேன் போடமாட்டார். விளக்குப் போடமாட்டார். ஒரு நாளைக்கு ஒரு வாளித் தண்ணீர். காலையிலிருந்து சாயங்காலம் வரை மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டுக்காரர் மூன்று மாதம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். இந்த மனிதர் இந்த வீட்டில் பயன்படுத்துகிற ஒரே பொருள் மலை. பயன்படுத்தாத ஃபேனுக்கு வாடகை வாங்கிக்கொண்டு, பயன்படுத்துகிற மலைக்கு வாங்காமல் விடுவது என்ன நியாயம்? அடுத்த மாதம் வாடகை இரட்டிப்பானது. ஜெர்மன்காரர் கும்பிட்டுவிட்டுக் கொடுத்தார். அத்தனை நாள் சும்மா பார்த்தது அவருக்கே உறுத்தலாக இருந்ததாம்.

ஆறு மாதத்தில் ஊரெல்லாம் பலகை தொங்கியது. முழு மலை, முக்கால் மலை, உச்சி மட்டும். அடுப்படி ஜன்னலில் தெரிந்தால் தனித் தொகை. கழிவறை ஜன்னலில் தெரிந்தால் கொஞ்சம் கம்மி, மலைக்கு மரியாதை இல்லை என்பதால். உள்ளூர்க்காரர்களுக்கும் இதே விதிதான். பிறந்ததிலிருந்து பார்த்துவந்த மலைக்கு எல்லோரும் வாடகை கொடுக்க ஆரம்பித்தோம். யாரும் சண்டை போடவில்லை. மலை தெரியாத வீட்டில் இருக்கிறான் என்று பேர் வாங்க யாருக்கும் மனசில்லை.

தசரதனும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரலை நீட்டி, தன் வீட்டை அளந்தார். மாடி: முழு மலை. முன்கட்டு: உச்சி மட்டும். முன்கட்டில் இருப்பது அவரே என்பதால் தனக்குத்தானே நோட்டீஸ் கொடுத்துக்கொண்டார். பின்கட்டு: மலை இல்லை. என் மனைவி கன்னியம்மாள் அப்போது இருந்தாள். "தெருமுனைக்குப் போய் நின்னா மொத்தமா நிக்குது. நமக்கு வீட்டுக்குள்ள வேற வேணுமா?" என்றாள். அவள் போன பிறகும் நான் பின்கட்டிலேயே இருந்துவிட்டேன்.

மாடியில் குர்ஷித் பேகம் குடும்பம் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறது. அவர் கணவர் நசீருதீன் பாய் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். ஊரில் பாதிப்பேர் அவர் போட்ட கண்ணாடியில்தான் மலையைப் பார்த்தார்கள். அவர் காலமான பிறகு மகள் சதஃப் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்து குடும்பத்தை ஓட்டினாள். நாலு வருடம் அப்படி ஓடிய பிறகு அவளுக்கு மஸ்கட்டில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. மூன்று வருட ஒப்பந்தம். முதல் எட்டு மாதச் சம்பளம் ஏஜெண்டுக்கே போய்விடும். அதுவரை அம்மா ஒருத்திக்காக முழு மலை வாடகை கட்ட முடியாது. வாடகை குறையாவிட்டால் அம்மா ஆற்காட்டில் மாமா வீட்டுக்குப் போகவேண்டியதுதான். மாமா வீடு பெரியது. மாமியின் மனசு அவ்வளவு பெரியதில்லை.

இன்னொன்றும் இருந்தது. குர்ஷித் பேகத்துக்குக் கண் அழுத்த நோய். வலது கண் முழுதாகப் போய்விட்டது. இடது கண்ணில் கொஞ்சம் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வீட்டில் பதினொரு படி, இரண்டாவது படியில் ஒரு உடைசல், அடுப்புக்கு வலப்பக்கம் உப்பு, எல்லாம் கைக்கும் காலுக்கும் மனப்பாடம். ஆற்காட்டு வீட்டில் அப்படி இல்லை.

சதஃப் வாய்ப்பேச்சாக ஆரம்பித்தாள். அது பயன்படவில்லை. நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். தசரதன் அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடமே நீட்டினார்.

"நீயே படி இருசப்பா."

முன்பெல்லாம் தானே படிப்பவர், இப்போது அதிகாரம் காட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

"இதான் அங்கிள் விஷயம்" என்றாள் சதஃப். "இவ்ளோ நாள் ரெண்டு பேர் மலையைப் பாத்துக்கினு இருந்தோம். நான் போயிட்டா அம்மி ஒருத்தங்கதான். பாதியா குறைச்சிக்கணும்."

"நீ மஸ்கட் போயிட்டா மலை பாதியாயிடுமா பாப்பா?"

"மலை அப்படியே இருக்கும். பாக்கறவங்க கம்மி ஆவாங்க இல்ல?"

தசரதன் இதை அலட்சியம் செய்யவில்லை. அவர் எதையும் அலட்சியம் செய்யமாட்டார். அதுதான் அவரிடம் கஷ்டம். கண்ணை மூடி யோசித்தார்.

"அப்போ ஆளுக்கு இவ்ளோன்னு மலை வாடகை. சரி, ஒத்துக்கறேன். போன தீபத்தன்னைக்கு உங்க மொட்டை மாடியில எத்தினி பேர் நின்னாங்க?"

கார்த்திகை தீபத்தன்று தெருவே அந்த மாடியில்தான் ஏறும். குர்ஷித் பேகம் எல்லோருக்கும் சுக்கு டீ கொடுப்பார்.

"நாப்பது பேர் இருக்கும்" என்றேன் நான். எனக்கு உண்மை தவறான இடத்தில்தான் வரும்.

"நாப்பது பேர். மலை வாடகை வந்து எட்டு வருஷத் தீபம். கணக்குப் பாத்தா நீங்கதான் எனக்குத் தரணும். கேக்கவா, விட்டுடவா?"

"விட்டுடுங்க அங்கிள்."

"விட்டாச்சு. மனு முடிஞ்சிது."

மறுநாள் சதஃப் கண் டாக்டர் கொடுத்த சீட்டைக் கொண்டுவந்தாள். அதையும் நான்தான் படித்தேன். வலது கண்ணில் பார்வை இல்லை, இடது கண்ணில் பெரிய எழுத்தும் தெளிவாகத் தெரியவில்லை என்று இருந்தது.

"எழுத்து தெரியலைன்னு இருக்குது" என்றார் தசரதன். "மலை தெரியலைன்னு எங்க இருக்குது?"

"எழுத்தே தெரியலைன்னா மலை எப்படி அங்கிள் தெரியும்?"

"மலை எழுத்தை விடப் பெரிசு பாப்பா."

"ஆஸ்பத்திரியில மலையைக் காட்டி டெஸ்ட் பண்ண மாட்டாங்க அங்கிள்."

"அது அவங்க குறை. நான் குறைக்க மாட்டேன்னு சொல்லலையே. ஆதாரம் இல்லாம குறைச்சா நாளைக்கு இளவரசன் என்னைக் கேள்வி கேப்பான்." இளவரசன் அவருடைய ஒரே மகன், சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருப்பவன். "மலை தெரியாமைன்னு ஒரு சான்று வாங்கினு வா. அன்னைக்கே குறைக்கிறேன்."

மாடிக்குப் போனதும் சதஃப் தன் அம்மாவிடம் கேட்டாள். நான் மனுவின் நகலைக் கொடுக்க வாசலில் நின்றிருந்தேன். குர்ஷித் பேகம் முறத்தில் துவரம் பருப்பை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மி, உண்மையைச் சொல்லு. இடது கண்ணுல மலை தெரியுதா, இல்லையா?"

"தெரியுது, தெரியுது. வாடகைக்காக நீ தெரியலைன்னு சொல்றே. சொல்லிக்கோ."

"நிஜமாவே தெரியலைன்னா நான் போகலை. டிக்கெட்டை கேன்சல் பண்ணிடுவேன்."

"பைத்தியமாடி உனக்கு" என்று குர்ஷித் பேகம் சுவரைப் பார்த்தபடி ஒரு கல்லை எடுத்துப் போட்டார். அவர் முறத்தைப் பார்க்கவே இல்லை. அதை நான் அப்போது கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

சான்று வாங்க நானும் சதஃப்பும் போனோம். அந்த அலுவலகத்தின் பெயரைச் சொல்வதற்குத் தனி அனுமதி வேண்டியிருக்கும். ஆகவே அலுவலகம் என்றே வைத்துக்கொள்ளலாம். அங்கே சக்கரபாணி என்பவர் இந்தப் பிரிவைப் பார்த்துவந்தார்.

"மலை தெரியாமையா? அப்படி ஒரு சான்றே இல்லைம்மா."

"மலை தெரியும்னு இருக்குதா சார்?"

"அது இருக்குது. போன மாசம்தான் வந்துச்சு. லாட்ஜுக்காரங்க கேட்டாங்க."

"எங்களுக்குத் தெரியாமைதான் சார் வேணும்."

"இல்லாததை நாங்க எப்படிம்மா வந்து பாக்கறது? முதல்ல தெரியும்னு விண்ணப்பம் போடுங்க. நான் நேர்ல வந்து விசாரிப்பேன். தெரியலைன்னா விண்ணப்பம் நிராகரிக்கப்படும். அந்தத் தாளை வச்சிக்கினு மேல்முறையீடு போடுங்க. மேல்முறையீடும் தள்ளுபடி ஆயிடுச்சுன்னா, அதுதான் தெரியாமை."

"முதல் நிராகரிப்பே போதுமே சார்?"

சக்கரபாணி முதல் தடவையாக நிமிர்ந்தார். "டீச்சரா?"

"ஆமாங்க."

"அதான்" என்றுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

விண்ணப்பத்தோடு ஆதார் நகல், வாடகை ஒப்பந்தம், விண்ணப்பதாரரின் புகைப்படம் இரண்டு, மலையின் புகைப்படம் இரண்டு, எல்லாம் பாஸ்போர்ட் அளவில், வெள்ளைப் பின்னணியில். மலைக்குப் பின்னால் வானம் நீலமாக இருந்ததால் ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். மேகமூட்டமான ஒரு நாள் வரும் வரை காத்திருந்து எடுத்தோம். அதில் வானம் சரியாக இருந்தது. மலைதான் அவ்வளவாகத் தெரியவில்லை. அதை யாரும் கேட்கவில்லை.

விசாரணைக்குச் சக்கரபாணி வந்த அன்று நல்ல பங்குனி வெயில். குர்ஷித் பேகம் துவைத்த புடவை கட்டிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தார். சதஃப் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அடுப்படிக்கு ஜன்னல் கிடையாது. குரல் மட்டும் கேட்கும். சக்கரபாணி மலைக்கு முதுகைக் காட்டி, விண்ணப்பதாரரைப் பார்த்து நின்றார். அதிகாரி மலையைப் பார்க்கவேண்டும் என்று படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை.

"அம்மா, எதிர்ல என்ன தெரியுது?"

ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டு சொல் போதும்.

குர்ஷித் பேகம் முகத்தை மேற்கே திருப்பினார். "மலை" என்றார்.

"எவ்ளோ?"

"முழுசா தெரியுது. இடது சரிவுல ஒரு பாறை, ஆடு படுத்த மாதிரி. உச்சியில வெள்ளையா கொஞ்சம் மேகம்."

நான் அண்ணாந்து பார்த்தேன். பாறை இருந்தது. மேகம் என்று ஒன்று வேலூர் வரைக்கும் இருந்திருக்காது.

சக்கரபாணி திரும்பிப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். சதஃப் டீயோடு வந்தாள். அவர் குடித்துவிட்டுப் படியிறங்கும் வரை மலைப் பக்கம் திரும்பாமல் அம்மாவையே பார்த்து நின்றாள்.

"ஏன் அம்மி அப்படிச் சொன்னே? ஒரு வார்த்தை மாத்திச் சொன்னா என்ன?"

"கவர்மெண்டுலேர்ந்து வந்தவங்ககிட்ட பொய் சொல்லலாமா?"

சதஃப்புக்குக் கோபம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் அவள் முகம் லேசாகிவிட்டது. அம்மாவுக்கு மேகம் வரைக்கும் தெரிகிறது. கோப்பைகளை எடுத்துக்கொண்டு அவள் உள்ளே போனதும் குர்ஷித் பேகம் என் பக்கம், என்னைவிட்டு ஒரு சாண் தள்ளி, பார்த்தார்.

"அண்ணே, மேகம் இல்லையா?"

"இல்லைம்மா."

"இந்த மாசத்துல இருக்காதுதான். வாயில வந்துடுச்சு. அவகிட்ட சொல்லிடாதீங்க."

சான்று மூன்றே நாளில் வந்துவிட்டது. வேண்டாத தாள் எங்கள் ஊரில் சீக்கிரம் வரும். "மேற்படி குர்ஷித் பேகம் என்பார், மேற்படி மொட்டை மாடியிலிருந்து மேற்படி மலையை, அதன் மீதுள்ள மேகம் உட்பட, தடையின்றிக் காண்கிறார் எனச் சான்றளிக்கப்படுகிறது." கீழே முத்திரை.

"மேகம் உட்படவா?" என்றார் தசரதன்.

"உட்பட சார்."

"நம்ம வாடகையில மேகம் சேத்தியில்லையே" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, விடு. மேகம் நிலையா நிக்கறது இல்லை."

சதஃப் கிளம்பப் பத்து நாள் இருந்தது. ஆற்காட்டு மாமா என்றைக்கு வண்டி அனுப்பவேண்டும் என்று கேட்டு இரண்டு தடவை போன் செய்தார். மாடியில் பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். குர்ஷித் பேகம் ஒவ்வொரு மூட்டையையும் தடவிப் பார்த்து, எதில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டார்.

நான் தசரதனிடம் போனேன். மனு எழுதவில்லை.

"சார், அந்தம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியலை. பொண்ணு நின்னுடுவாளேன்னு மறைக்கறாங்க."

"சான்று இருக்குதே."

"சான்று தப்பு சார்."

"சான்று தப்பா இருக்காது இருசப்பா. ஆளுங்கதான் தப்பா இருப்பாங்க."

தசரதன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ஊர்ல மலை தெரியுதுன்னு கவர்மெண்டு எழுதிக் குடுத்த மனுஷங்க எத்தினி பேர்?"

"லாட்ஜுங்க இருக்கு. ஆளுன்னு பாத்தா அந்தம்மா ஒருத்தங்கதான்."

"உனக்கு சான்று இருக்குதா?"

"இல்லைங்க."

"எனக்கும் இல்லை. அப்போ மலையைப் பத்திப் பேசற தகுதி அவங்களுக்கு மட்டும்தான் இருக்குது. அப்படிப்பட்டவங்களை ஆற்காட்டுக்கு அனுப்பிட்டு நாம என்னத்த பண்றது? பேப்பர் எடு."

எடுத்தேன். சொல்லச் சொல்ல எழுதினேன். இந்த வீட்டுக்கு மலைப் பார்வையாளர் என்னும் பதவி ஒன்று தோற்றுவிக்கப்படுகிறது. அரசுச் சான்று பெற்றுள்ள குர்ஷித் பேகம் அப்பதவியில் நியமிக்கப்படுகிறார். அவர் நாள்தோறும் மாலை ஐந்தரை மணிக்கு மலையின் நிலையை வீட்டு உரிமையாளருக்கு வாய்மொழியாகத் தெரிவிக்கவேண்டும். பின்கட்டு இருசப்பன் அதைப் பதிவு செய்யவேண்டும். பார்வையாளருக்கான மதிப்பூதியம் மலை வாடகைக்குச் சமமாக இருக்கும். அதை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

ஆக, மலை தெரியவில்லை என்று கேட்டுக் கிடைக்காத குறைப்பு, மலை தெரிகிறது என்பதால் கிடைத்தது.

சதஃப் அந்த உத்தரவை இரண்டு தடவை படித்தாள். "இதுக்கு என்ன அர்த்தம் மாமா?" என்று என்னைக் கேட்டாள்.

"அர்த்தமெல்லாம் பாக்காதே. கையெழுத்து இருக்குது, பத்திரமா வையி" என்றேன்.

அவள் நிம்மதியாக விமானம் ஏறினாள். மூட்டைகளைப் பிரித்துப் பழைய இடத்திலேயே வைத்தோம்.

அன்றிலிருந்து தினமும் ஐந்தரை. "முழு மலை. தெளிவு." "முழு மலை. அடிவாரத்தில் புகைமூட்டம், யாரோ சருகு எரிக்கிறார்கள்." அதை மூக்கால் கண்டுபிடித்திருப்பார். "முழு மலை. மழை பெய்து பச்சை பிடித்திருக்கிறது." மாதக் கடைசியில் அறிக்கைகளின் நகலை, தகவலுக்காக என்று மேலே எழுதி, அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்வார் தசரதன். அனுப்பினால் பழக்கம் விடாது என்பார். நகல் என் கடையில்தான் எடுத்தேன். காசு வாங்கவில்லை.

ஒரு பெண்ணுக்கு உதவி செய்ய ஒரு பெரிய மனிதர் விதியை வளைத்தார் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆனால் அவர் கையெழுத்து, நான் காட்டுகிற இடத்திலிருந்து அரை அங்குலம் தள்ளி விழ ஆரம்பித்தது. பிறகு ஒரு அங்குலம். பேப்பரை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வதற்கு அதிகாரம் இல்லை, கண்தான் காரணம் என்று புரிந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே ஒருநாள் சொன்னார்.

"இளவரசனுக்குத் தெரிஞ்சா மெட்ராஸ்ல பத்தாவது மாடியில கொண்டுபோய் உக்கார வச்சிடுவான். அங்க என்ன தெரியும் சொல்லு."

எதிரே காலிமனையில் ஒரு லாட்ஜுக்குக் கடைக்கால் தோண்டினார்கள்.

"என்ன சத்தம்?" என்றார் தசரதன்.

"கட்டடம் சார்."

"எத்தினி மாடிக்கு அனுமதி?"

"போர்டுல ரெண்டுன்னு போட்டிருக்கு."

"அப்போ ரெண்டுதான். அதுக்கு மேல கட்ட மாட்டாங்க."

மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டினார்கள். சரிவும் பாறையும் போயின. நாலாவதில் மலையின் தோள் போனது. குர்ஷித் பேகம் அன்றைக்கும் "முழு மலை" என்றார். நான் எழுதினேன். படியிறங்கும்போது என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, முன்ன மாதிரி மூஞ்சியில வெயில் அடிக்கலையே?"

"மூடாப்பா இருக்குதும்மா."

"அப்படியா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் தசரதன், "இப்பல்லாம் சீக்கிரமே பொழுது சாயுது" என்றார். "மலைக்குப் பின்னாடி போயிடுச்சு சார்" என்றேன். அவரும் வேறொன்றும் கேட்கவில்லை. ஐந்தாவது மாடி முடிந்தபோது உச்சியும் மறைந்தது. அவர் இறப்பதற்கு முந்தைய நாள் மேகம் கம்மி என்று நான் எழுதியபோது எதிரே இருந்தது பூசாத செங்கல் சுவர். அதில் பன்னிரண்டு பாத்ரூம் ஜன்னல்கள்.

இதற்கு நடுவில் தெருக்காரர்கள் ஒரு மனு போட்டிருந்தார்கள். அனுமதிக்கு மேல் கட்டுகிறார்கள், எங்கள் தெருவுக்கு மலை தெரியவில்லை, நடவடிக்கை எடுக்கவேண்டும். முப்பத்தேழு கையெழுத்து. நகல் என் கடையில்தான் எடுத்தார்கள். முப்பத்தெட்டாவதாக நானும் போட்டேன்.

தசரதன் காரியம் முடிந்த மறுவாரம் பதில் வந்தது. "மேற்படி தெருவில் வசிக்கும் அரசுச் சான்று பெற்ற பார்வையாளர் நாள்தோறும் அளித்து, இவ்வலுவலகத்துக்குத் தகவலுக்காக அனுப்பப்பட்டுள்ள அறிக்கைகளின்படி, மலை முழுமையாகத் தெரிகிறது. எனவே மனு முடித்துவைக்கப்படுகிறது. மேலும், மலை தெரிவது உறுதியாகிவிட்டபடியால், தெருவின் அனைத்து வீடுகளுக்கும் காட்சிப் பராமரிப்புக் கட்டணம் விதிக்கப்படுகிறது." இணைப்பாக அறிக்கையின் நகல் ஒன்று வைத்திருந்தார்கள். என் கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

தெருவில் கொஞ்ச நாள் என்னோடு யாரும் பேசவில்லை. பிறகு பேசினார்கள். லாட்ஜ் வந்ததில் மூன்று பேருக்கு டீக்கடை, ஒருவருக்கு வண்டி நிறுத்துமிடம் என்று பிழைப்புக் கிடைத்திருந்தது.

இளவரசன் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தான். மொட்டை மாடியில் சுவருக்கு எதிரே நின்று அப்பாவின் கோப்பைப் பிரித்துச் சான்றைப் படித்தான்.

"முழு மலைன்னு போட்டிருக்கே?" என்றான்.

"அது அப்போ தம்பி" என்றேன்.

"தேதி முடியறவரைக்கும் செல்லுபடியாகும்னு போட்டிருக்கு." கீழே முன்கட்டைச் சான்று பெற்ற மலைக்காட்சி இல்லம் என்று இணையத்தில் போட்டுத் தினவாடகைக்கு விட முடிவு செய்தான். சக்கரபாணியிடம் கேட்டபோது, சான்று வீட்டுக்கு இல்லை, ஆளுக்கு, அந்தம்மா காலி செய்தால் மலையும் காலாவதி என்று சொல்லிவிட்டார். இளவரசன் மாடிக்கு ஓடிவந்தான்.

"ஆன்ட்டி, நீங்க எங்கயும் போகக்கூடாது. அப்பா போட்ட ஆர்டர் அப்படியே இருக்கட்டும். ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லுங்க."

எனக்கும் ஒரு நோட்டீஸ் கொடுத்தான். கட்டணம் தெரு முழுவதற்கும் பொதுவானது என்பதால் என் பின்கட்டு அறை மலை தெரியும் அறையாக மாற்றப்பட்டிருந்தது. முழு மலை.

போன மாதம் ஒரு சாயங்காலம் நான் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தபோது சதஃப் வீடியோவில் கூப்பிட்டாள். எப்போதும் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவாள். அன்றைக்கு அவள் வகுப்புப் பிள்ளைகள் ஊரைப் பற்றிக் கேட்டார்களாம்.

"அம்மி, போனைத் திருப்பி மலையைக் காட்டேன். ரொம்ப நாளாச்சு."

நான் எழுந்திருப்பதற்குள் குர்ஷித் பேகம் போனைத் திருப்பி மேற்கே நீட்டிவிட்டார். "பாரு. முழுசா இருக்குது. நல்லா தெரியுதா?"

ஒரு பாத்ரூம் ஜன்னலில் யாரோ துண்டு காயப்போட்டார்கள்.

"தெரியுது அம்மி" என்றாள் சதஃப். "மேகம்தான் ஜாஸ்தியா இருக்கு."

பிறகு போனை மாமாவிடம் கொடு என்றாள். நான் அதை வாங்கிக்கொண்டு நாலு படி இறங்கினேன்.

"எவ்ளோ நாளா மாமா?"

"லாட்ஜா? ஒரு வருஷமாச்சு."

"லாட்ஜைக் கேக்கலை."

"நீ போறதுக்கு முன்னாடியிருந்தே."

அவள் முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டாள். பின்னால் மணி அடித்தது. "சரி மாமா, டியூஷன் பசங்க வந்துட்டாங்க" என்றாள். "இன்னைக்கு ரிப்போர்ட் எழுதியாச்சா?"

"இனிமேதான்."

"மேகம்னு எழுதிடுங்க. நான் பாத்தேன்."

மேலே போய் எழுதினேன். அவள் ஒப்பந்தம் முடிய இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பதிவேட்டில் பதினெட்டுப் பக்கம் மீதி.